அணைந்த மெழுகுவர்த்திக்கு ஒரு பிராது

விருத்தாசலம்
ஞாயிறு காலை

அன்பு மகள் கயல்விழிக்கு, இங்கே நாங்கள் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி பூர்ணிமாவும் ராட்டர்டாம் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று அம்மா கேட்கிறாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை வெண்பா, அதனால் கவலை அம்மாவுடையது, வாய்க்கொழுப்பு என்னுடையது.

நீ அனுப்பிய பூர்ணிமாவின் ஓவியம் செவ்வாய்க்கிழமை வந்தது அக்கா. மூன்று வயசுப் பிள்ளைக்கு வெல்வெட் கவுன், காலடியில் நாய், மேசையில் பீங்கான் கிண்ணம், பக்கத்தில் புகைந்து அணைந்த மெழுகுவர்த்தி என்று உங்கள் ஓவியர் அவளை ராணியாகவே ஆக்கிவிட்டார். அப்பா பேத்தியை விட்டுவிட்டு, செராமிக் கம்பெனியில் வேலை பார்த்த கண்ணோடு கிண்ணத்தைப் பார்த்து, "கீறல் ஓடுது பாரு, இது கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் மாலு" என்று ஒதுக்கிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். போனில் தேடி, நாய் என்றால் விசுவாசம் என்று டீச்சர் மாதிரி ஆரம்பித்து, அணைந்த மெழுகுவர்த்தி இருந்தால் அந்தக் காலத்து ஓவியங்களில் அது செத்த பிள்ளையின் படம் என்பதையும் வாசித்துத் தொலைத்தேன். "உசுரோட சிரிக்கிற புள்ள பக்கத்துல அணைஞ்ச வெளக்க எவன்டி வெப்பான்?" என்று அம்மா அழுதே விட்டாள். நீ வீடியோவில் பிள்ளையை ஆட விட்டுக் காட்டியும் மனசு ஆறவில்லை. படத்தை மாட்டவும் விடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பேத்தியைப் போன் அளவில் மட்டுமே பார்த்தவள் இல்லையா, முதல் தடவை பிள்ளை உயரத்தில் பார்த்து, கன்னத்தைத் தொட்டுக்கொண்டே நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் ஓவியர் மேல் பிராது கட்டினோம். குறையை எழுதி வேலில் கட்டினால் தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைப்பார், உனக்குத் தெரியாததா. "புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு மட்டும் எழுதுடி, அவங்கள வரச்சொல்லித் தொந்தரவு பண்ணாத, பாவம் லீவு கெடைக்காது" என்றாள் அம்மா. நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, பேத்தி நேரில் வந்து அம்மா மடியில் உட்கார வேண்டும் என்று எழுதிக் கட்டிவிட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது. இப்போதுகூட "என்னாடி இவ்ளோ நேரம் எழுதுற?" என்கிறாள், ஸ்வெட்டர் போடச் சொல்லி எழுதுகிறேன் என்றேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். கவரில் விபூதி இருக்கிறது, பிள்ளைக்குப் பூசு. இன்னும் எண்பத்தெட்டு நாள் இருக்கிறது, சாமிக்கு விமான டிக்கெட் போடத் தெரியாது, மறந்துவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா
அம்சவல்லி