வராந்தா வேண்டாம்

ஷைனியின் அப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் "உங்கப்பா எங்கே?" என்று கேட்டதற்கு, "ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இருக்காவ" என்று சொல்லியிருக்கிறாள் நம் மகள். விவாகரத்துக்குப் பிறகு, கோர்ட் உத்தரவுப்படி உங்களை அவள் பார்ப்பது அந்தக் கோர்ட் வராந்தாவில் மட்டும்தானே.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அப்பா என்ன தப்பு செஞ்சாவ?"

இனிமேல் அவளை அங்கே கூட்டிவர மாட்டேன். சந்திக்கும் இடத்தை மாற்ற வக்கீலிடம் பேசிவிட்டேன், நீங்களும் சம்மதித்து மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும். திருப்பூரிலிருந்து நேரே ராஜபாளையம் வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்குப்போல என் அண்ணன் சண்டைக்கு வர மாட்டார். அதற்கு நான் பொறுப்பு. கிறிஸ்மஸ் லீவுக்கு அவளைத் திருப்பூர் கூட்டிப்போங்கள், இனி தடுக்க மாட்டேன்.

நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன். காலிங்பெல்லை அடியுங்கள். கதவை அவள் திறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா