உன் பரிசலில் ஒரு வேளைச் சோறு

இன்று காலை உன் சகலை தூக்குப்போசியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. நல்லெண்ணெய் தூக்கலான புளிச்சோறு, கொஞ்சம் தீய்ந்த நிலக்கடலை. உன் வீட்டுச் சோற்றின் வாடை. அக்காவும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைக்கக் கற்றவர்கள், கடலையைக்கூட ஒரே மாதிரி தீய்க்கிறார்கள். அந்த நிமிடமே எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல் வந்துவிட்டது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் பைபர் பரிசல் பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில் கவிழ்ந்தே கிடந்தது. நீயும் அவரும் சேர்ந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடித்த பரிசல். அதை விற்கப்போகிறார், சாயங்காலம் மோகனூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டேன். கொடிக்காலில் வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். எவனோ ஒருவன் அதில் உட்காருவதா என்று இருந்தது. போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நாமக்கல் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டியவன் நீ. ஓட்டை கண்டுபிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று, பழைய பரிசல் வாங்குகிற ஆற்றோரத்துக்காரர்கள் எல்லாம் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ என்னைக் கூப்பிட்டாய். கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைக் கைமுட்டியால் தட்டுவாய். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் பைபர் உள்ளே பிரிந்திருக்கிறது. பெயிண்ட் புதிதாக இருந்தால் முகத்தைச் சுளிப்பாய். இதெல்லாம் யாரும் செய்வதுதான். உன் சோதனை அதற்குப் பிறகு. பரிசலைத் தண்ணீரில் விட்டு, இரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடு அதன் தரையில் எதிரெதிரே சம்மணமிட்டு ஒரு வேளைச் சோறு தின்ன வேண்டும். தின்று முடித்து எழும்போது வேட்டி நனையாமல் இருந்தால் வாங்கலாம்.

"பேசாம தின்னப்பா. பேச்சுல எறங்குனா ஈரம் தெரியாது" என்பாய். நான் வாயெடுத்தாலே கையைக் காட்டி அடக்குவாய். எத்தனை பரிசலில் எத்தனை வேளைச் சோறு! என் மகளின் கல்யாணப் பேச்சு, தம்பியோடு வரப்புத் தகராறு எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் வேறு யாரை நீ எதிரே உட்கார வைத்தாய்?

வைத்தாயே! உனக்கென்று ஒன்று வாங்கியபோது என்னை விட்டுவிட்டுச் சகலையைக் கூட்டிக்கொண்டு போனாய். "உனக்குக் கொடிக்கா வேலையே தலைக்கு மேல கெடக்குது" என்று சமாதானம் வேறு. கொடிக்கால் என்ன, அன்றைக்கா முளைத்தது? நீங்கள் இருவரும் ஆற்றில் போவதைக் கரையில் நின்று பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். உன்னை எடுத்த அன்று அவர் என்னைவிட அதிகமாக அழுதார். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று, "வாங்ண்ணா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நான் அடிப்பாகத்தைத் தட்டினேன். நடுவில் ஒட்டு மேல் ஒட்டு. பொத்தென்றது.

"ஒட்டெல்லாம் அவரு போட்டதுங்க" என்றார்.

தண்ணீரில் விட்டு ஏறினோம். எதிரே உட்கார்ந்து எனக்கும் சோறு வைத்தார். பாதிச் சோற்றில் தொடைக்கு அடியில் சில்லென்றது.

"நனையுதுங்களே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "மொத நாளே நனைஞ்சுதுங்ண்ணா. வாங்கறப்ப இதே மாதிரிதான் உக்காந்தோம். பேச்சு சுவாரசியத்துல ரெண்டு பேருக்கும் தெரியலீங். சிரிச்சு சிரிச்சு அவருக்குப் பொரையேறிப் போச்சு. வித்தவரு பணத்த வாங்கிட்டுப் போனப்பறம் எந்திரிச்சுப் பாத்தா, வேட்டி தொப்பலா நனைஞ்சு கெடக்குது. பஞ்சர் கடக்காரனே ஓட்டய வாங்கிப்போட்டேன், அவங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்கன்னு உங்களத்தான் சொன்னாரு."

ஊருக்கெல்லாம் ஓட்டை பார்த்தவன் ஓட்டைப் பரிசலை வாங்கியிருக்கிறாய். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. என்னை வாய் திறக்க விடாதவன் அவரோடு பேசியிருக்கிறாய். அடியில் தண்ணீர் ஏறுவதுகூடத் தெரியாமல் பேசியிருக்கிறாய். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஞாவகமில்லீங்ண்ணா. சும்மா ஏதோ" என்றார்.

பெரிதாக ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப உங்களுக்கு வேணாங்களா? மோகனூர்க்காரரு வாரேன்னிருக்காரு..."

"நானே எடுத்துக்கறனுங்க."

"நனையுதுன்னு சொன்னீங்களே?"

"நனையட்டும்."

பரிசல் இப்போது என் கொடிக்கால் ஓரத்தில் கிடக்கிறது. வேட்டி வேலியில் காய்கிறது, ஆற்று வாடையோடு. இப்படியொன்றை எதற்கு வாங்கினீர்கள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? உன் எதிரே இனி யாரும் உட்காரக் கூடாது என்று வாங்கினேன்.

நாளைக்குப் போசியோடு ஏறுகிறேன். கரையோரமாகத்தான், பயப்படாதே. நீ விழுங்கச் சொன்ன பேச்செல்லாம், மகளின் கல்யாணத்திலிருந்து எல்லாமே, இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது. வேட்டி நனைய நனைய ஒவ்வொன்றாகப் பேசப்போகிறேன். முடிந்தால் கையைக் காட்டி அடக்கு, பார்க்கலாம்.