யானைக்கு வைத்த பரீட்சை

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் அம்மாதான் பதில் சொல்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். கோடாலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியை ஆராய்கிறேன் அல்லவா, நேற்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் மையத்துக்கு லோஷினி என்ற நான்கு வயதுக் குழந்தை வந்தாள். நான் படத்தைக் காட்டி, "இது என்ன கண்ணு?" என்பேன். அவள் வாய் திறக்கும் முன்பே அவள் அம்மா, "பூனை லா டாக்டர், வீட்டுல நல்லா சொல்லுவா" என்பார். அம்மாவை வெளியே அனுப்பினேன். அப்போதும் அவள் மூச்சு விடவில்லை. சரி, பேச்சுத் தாமதம்தான் என்று முடிவுகட்டி, அதற்கான படிவத்தை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். ஒலிப்பதிவை நிறுத்த மறந்துவிட்டேன்.

பிறகு போட்டுக் கேட்டால், லோஷினி அங்கிருந்த பொம்மை யானைக்குப் பரீட்சை வைக்கிறாள். அப்படியே என் குரல். "இது என்ன கண்ணு? தெரியலயா யானை? பரவால்ல, அடுத்தது பாப்போம்." இருபது படமும் காட்டி முடித்தாள். யானை பெயில். படிவத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த குழந்தை வந்துவிட்டது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவைக் கொஞ்ச நேரம் அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள். எதிரே யானைதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எதையாவது பேசுங்கள், அத்தா. நான் பதிவுசெய்து வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
சல்மா