குரங்குகளுக்குக் கட்டிய டிஸ்க்

நவம்பர் 3, திங்கள். தூறல்.

எனக்கு மறதி வந்துவிட்டதாம். டிஸ்க்குகளை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறேனாம். நேற்று அவருடைய திதிக்கு வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டது. தவறு. நன்றாகவே நினைவிருக்கிறது. மொட்டைமாடியில், கொய்யாக் கிளைகளில், நைலான் கயிற்றில் நானே கட்டித் தொங்கவிட்டேன். குரங்குகளை விரட்ட.

அவர் எடுத்த வீடியோ, மொத்தம் நாற்பத்தொரு ப்ளூ-ரே டிஸ்க். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. அவர் போனபின் மகன் ரவி எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினான். "இனிமே இதெல்லாம் வேஸ்ட்மா. எல்லாம் இந்த டப்பாக்குள்ள வந்துடுச்சு." அந்த டப்பாவைப் பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். மூன்று வருடம் தொடவில்லை. அவர் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை.

நேற்று டிவியில் செருகினான். டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

நவம்பர் 4, செவ்வாய். வெயில். நாளை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் இன்றே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க முடியவில்லை.

ரவியுடன் வேங்கிக்கால் கம்ப்யூட்டர் கடைக்கு. கடைக்காரர் டாக்டர் மாதிரி காதருகே வைத்துக் கேட்டார். பிறகு திறந்து பார்த்தார். "உள்ள தட்டே கீறிப்போச்சுங்க மேடம். சென்னைக்கு அனுப்புனாலும் வராது. ஒரிஜினல் டிஸ்க் இருக்குமே?" ரவி என்னைப் பார்த்தான். நான் சுவர்க் காலண்டரை.

அவர் இருந்தபோதே அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இந்த வழக்கு. "டிஸ்க்கு ஒன்னு போனா ஒரு கல்யாணம் போவும்டா. உன் டப்பா போனா வம்சமே போயிடும்."

"உங்க டிஸ்க்குக்கு தனியா ஒரு அலமாரி கட்டணும்பா."

நான் ரவி பக்கம் பேசினேன். தூசி துடைப்பவள் நான்தானே.

வாங்க: உளுந்து 1 கி., கற்பூரம், முட்டி வலித் தைலம்.

நவம்பர் 5, புதன். வெயில்.

மாடியில் மிச்சம் ஆறு. மற்றவை குரங்குகள் உடைத்து, நான் பெருக்கி, குப்பை வண்டிக்குப் போனவை. ஒரு குட்டி தினமும் டிஸ்க்கில் முகம் பார்க்கும். சிரித்திருக்கிறேன்.

ஆறும் வெளுத்து, பூச்சு உரிந்து. கழுவித் துடைத்துக் கொடுத்தேன். எதுவும் ஓடவில்லை. "விடும்மா, போட்டோ இருக்குதில்ல?"

போட்டோவில் முகம். வீடியோ எதிலும் அவர் முகமே கிடையாது, கேமரா அவர் கையில். குரல் மட்டும். "ஏ கான்வென்ட்டு, கொஞ்சம் சிரி. வரி ஒன்னும் போடமாட்டாங்க." வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

காலையில் காப்பி ஆற்றும்போது அந்தக் குரலை நினைத்துப் பார்த்தேன். வார்த்தை வருகிறது. குரல் வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி. மேகம்.

ரவி பெங்களூருக்குக் கிளம்பினான். வாசலில், "எம்மேலயும் தப்புதாம்மா. ரெண்டு காப்பி எடுத்திருக்கணும்." புளிசாதத்தை மதியத்துக்குள் சாப்பிடச் சொன்னேன்.

செருப்பு மாட்டியவன் நின்றான். "அத்தை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அப்பா ஒரு டிஸ்க் போட்டுக் குடுத்தாரே, அது இருக்குமா?"

கீழ்பென்னாத்தூரில் அவருடைய அக்கா. மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவர் காரியத்துக்கு வந்தவரை, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று எல்லார் முன்னும் கேட்டது நான்.

நவம்பர் 8, சனி. மழை.

மூன்று தாள் கிழித்தேன். அனுப்பியதன் நகல்:

அண்ணிக்கு வணக்கம். காரியத்தன்று நான் பேசியது தவறு. உங்கள் கிரகப்பிரவேசத்தை உங்கள் தம்பி எடுத்துத் தந்த டிஸ்க் இருக்கிறதா? அவர் குரல் இப்போது என்னிடம் இல்லை. நானே தொலைத்தேன். இருந்தால் வெயில் படாமல் வையுங்கள். இருக்கிறது, இல்லை, எதுவானாலும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். போன் வேண்டாம். போனில் என்னால் பேச முடியாது.