நர்ஸம்மா கொடுத்த ராணுவக் கடிகாரம்

மார்ச் 4
என் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா, பையிலிருந்து ஒரு பாக்கெட் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுப்பு முகப்பு, பின்னால் ராணுவ முத்திரை. போர்க்காலத்துச் சரக்கு. பதினோரு வருஷமாக நான் தேடிய அதே வகை!
“எனக்கு முள்ளே தெரியல. பத்திரமா பாத்துக்குவீங்கன்னா வெச்சுக்கோங்க, தம்பி.”
ஐம்பத்து மூன்று வயதில் தம்பி. மனைவியிடம் காட்டினேன். “வீட்டுல நாப்பது கடிகாரம். ஒரு நாளாவது நேரத்துக்குச் சாப்பிட வந்திருக்கீங்களா?” என்றாள்.

மார்ச் 7
பின்மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஊசியால் கீறிய ஒரு சிப்பாய் எண். அதன் கீழே ‘அம்மாவுக்கு’.
மூடிவிட்டேன்.

மார்ச் 19
பன்னிரண்டு நாளாக யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவர் மனதாரக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன், இதில் என் தப்பு என்ன — இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20
நர்ஸம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “தெரியும்,” என்றார். போரின்போது ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாராம். வயிற்றில் குண்டுபட்ட ஒரு சிப்பாய், சாவதற்கு முன் கடிகாரத்தை இவர் கையில் திணித்து அம்மாவிடம் சேர்க்கச் சொன்னானாம்.
“வார்டுல உருப்படியா ஒரு கடிகாரம் கிடையாது. நாடி பாக்க இது வேணும். நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம்னு... போர் முடிஞ்சப்புறம் எந்த மூஞ்சியோட அனுப்புறது?”
முப்பது வருஷம் அதை வைத்துத்தான் நாடி எண்ணியிருக்கிறார். பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாரே என்று கோபம் வந்தது. பன்னிரண்டு நாள் பொத்திவைத்தவனுக்குக் கோபம் வேறயா?

மார்ச் 22
அந்த எண்ணைக் குறிப்பிட்டு ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். தபால்பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கவரை உள்ளே போட மனசு வரவில்லை. பிறகு போட்டேன்.

ஜூன் 11
பதில் வந்துவிட்டது. சிப்பாயின் தாய் இறந்து இருபது வருஷம். தங்கை ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊர்தான்.

ஜூன் 30
தங்கையை நர்ஸம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவருக்கே எழுபது இருக்கும். நர்ஸம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.
“எங்கம்மா தபால்காரனைப் பாத்துப் பாத்தே செத்தா,” என்றார் தங்கை. பிறகு, “அண்ணன் பயந்தானா?”
“ரெண்டு நாள் ரொம்பப் பயந்தான். மூணாம் நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உங்க வீட்டு நாயைப் பத்தியே பேசிட்டிருந்தான்.”
தங்கை கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். நர்ஸம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது நல்லதா? இரண்டு கிழவிகளின் நிம்மதியையும் கெடுத்துவிட்டேனோ?

ஜூலை 1
கண்ணாடி அலமாரியில் ஓர் இடம் காலி. மனைவி பார்த்தாள். கேலி செய்யவில்லை.

ஆகஸ்ட் 2
தங்கை கடைக்கு போன் செய்தார். “அந்தம்மாகிட்ட இன்னொண்ணு கேக்கணும்.”
“என்னம்மா?”
“அண்ணன் வேற என்னெல்லாம் பேசினான்னு.”
நேரிலேயே போய்க் கேளுங்கள் என்றேன்.

செப்டம்பர் 14
நர்ஸம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சாயங்காலம் பார்க்கப் போனேன். தங்கைதான் கதவைத் திறந்தார், கையில் ஈரத்துணியோடு.
“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தாங்க,” என்றார்.