வாசலில் கிடந்த செருப்புகள் குறித்தும் பெல்லாவைத் திருப்பித் தருவது குறித்தும்

அனுப்புநர்:
நாகையா த/பெ வீராசாமி,
எண் 27, லோரோங் மெலாத்தி 3,
தாமான் ஸ்ரீ மெலாத்தி,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
திரு. யுகேந்திரன் அவர்கள்,
தலைவர்,
அல்சேஷன் நாய்கள் மறுவாழ்வுச் சங்கம்,
பெட்டாலிங் ஜெயா.

பொருள்: என் வீட்டிலிருந்து உங்கள் சங்கத்தார் கொண்டுபோன பெல்லா என்ற ஒன்பது வயதுப் பெண் நாயைத் திருப்பித் தரவும், உங்கள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட ‘ஏமாற்று’ என்ற சொல்லை நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் சங்கம் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியது. அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பதிலைத் தமிழில் எழுதுகிறேன். தாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று உங்கள் தொண்டர் லோகேஸ்வரி சொல்லியிருக்கிறார். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆனாலும் என்னைப் பற்றி எழுதியதில் எது உண்மை, எது இல்லை என்று எனக்குத் தெரியும். அதைக் கீழே தருகிறேன்.

1. எனக்கு வயது எழுபத்து நான்கு. என் மனைவி சீதாலெட்சுமி காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் குரு சிங்கப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான், லீவு கிடைக்காத வருடம் வரமாட்டான்.

2. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வரிசையில் மூன்று வீடுகளில் திருடர்கள் புகுந்தார்கள். பக்கத்து வீட்டுக் கமலநாதன் எங்கள் தாமான் குடியிருப்பின் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் காவல் சுற்றில் இருப்பவர். அவர் என்னிடம், “அங்கிள், தனியா இருக்கீங்கன்னு வெளியே தெரியக்கூடாது லா. வாசல்ல நாலஞ்சு சோடி செருப்பு போட்டு வைங்க. ஆள் நிறைய இருக்காங்கன்னு நினைச்சு போயிடுவானுங்க” என்றார். தனியாக இருக்கும் எல்லா வயதானவர்களுக்கும் அவர் சொன்ன யோசனைதான் அது. எதிர் வரிசையிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

3. அதன்படி என் மனைவியின் நீலச் செருப்பு, குரு விட்டுப்போன பந்து விளையாட்டுச் சப்பாத்து, என் பழைய துறைமுக பூட்ஸ் ஆகியவற்றை வாசலில் வைத்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மிகப் பெரிய அளவில் ஓர் ஆண் செருப்பும் வாங்கினேன். விற்றவர் யாருக்கு என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரே இடத்தில் கிடந்தால் திருடனுக்குப் புரிந்துவிடும் என்பதால் காலையில் சிலவற்றை உள்ளே எடுத்துவைப்பேன். மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் கழற்றிப் போட்டதுபோல் மறுபடி போடுவேன். மழை பெய்தால் கொஞ்சம் சேறு பூசுவேன். இது திருடர்களுக்காகச் செய்தது. உங்கள் சங்கத்துக்காகச் செய்ததல்ல. அப்போது உங்கள் சங்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.

4. கடந்த நவம்பரில், அல்சேஷன் நாய் வளர்க்க விருப்பம் தெரிவித்து உங்கள் சங்கத்துக்குப் போன் செய்தேன். வீட்டைப் பார்க்க லோகேஸ்வரி வந்தார். வேலியை அளந்தார். மாடிப்படி இல்லாத வீடு, இடுப்பு பலவீனமான நாய்க்கு ஏற்றது என்றார். வாசலில் தம் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், “நல்ல கூட்டமான வீடு போல, அங்கிள். அல்சேஷனுக்குச் சுத்தி ஆள் இருக்கணும்” என்றார். அது ஒரு கருத்து. கேள்வி அல்ல. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் மறுத்துச் சொல்லவில்லை என்பது உண்மை. என் வீட்டைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

5. அடுத்த வாரம் பெல்லா வந்தது. அதை வளர்த்த குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது விட்டுச்சென்றதாகச் சொன்னார்கள். நான் பெயரை மாற்றவில்லை. ஒன்பது வயதில் புதுப் பெயருக்குப் பழகச் சொல்வது முறையல்ல. வந்த அன்றே வாசலில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. பிறகு சில நாள் மாலையில் கேட்டருகே படுத்து அவற்றின் சொந்தக்காரர்களுக்காகக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. அதன்பின் உள்ளே வந்து என் நாற்காலிக்குக் கீழே படுக்கத் தொடங்கியது. இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்பது உங்கள் அலுவலகத்துக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிட்டது. அது ஆட்சேபிக்கவில்லை.

6. சீனப் பெருநாள் வெடிச் சத்தத்துக்குப் பயந்து பெல்லா குளியலறைக்குள் போய்விட்டது. நானும் ஒரு முக்காலியைப் போட்டு அதனுடன் உட்கார்ந்திருந்தேன். நடைக்குப் போகும்போது, முன்பு என்னைக் கடந்துபோனவர்கள் நின்று, “நாய் என்ன வயசு, அங்கிள்?” என்று கேட்டார்கள். என் வயதையும் சிலர் கேட்டார்கள். இவற்றை ஆதாரமாகக் காட்ட முடியாது. உங்கள் கடிதத்தில் ‘முறையான பராமரிப்புச் சூழல் இல்லை’ என்று எழுதியிருப்பதால் குறிப்பிடுகிறேன்.

7. மார்ச் மாதம் லோகேஸ்வரியுடன் கிஷன் என்ற உங்கள் அலுவலர் வந்தார். வீட்டார் ஒவ்வொருவருடனும் நாய் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும், எல்லாரையும் கூப்பிடுங்கள் என்றார். நான் மட்டும்தான் என்றேன். அவர் வாசலைக் காட்டி, “அப்போ இதெல்லாம் யாரோடது, அங்கிள்?” என்று கேட்டார். கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒவ்வொரு சோடியாக யாருடையது என்று சொன்னேன். பெரிய செருப்பு யாருடையதும் இல்லை என்பதையும் சொன்னேன். லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். கிஷன், “செருப்பைக் காட்டி நாய் வாங்கியிருக்கீங்க” என்றார். என் மகன் வயதுள்ளவர் என்பதால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: காட்டவில்லை. கிடந்தது.

8. பெல்லாவை வேனில் ஏற்றினார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை. ஏற்றிக்கொண்டு போவது அதற்குப் பழகிவிட்டது.

9. எழுபது வயதைத் தாண்டித் தனியாக இருப்பவர் விழுந்தால் நாயை யார் பார்ப்பது என்று உங்கள் கடிதம் கேட்கிறது. நியாயமான கேள்வி. கமலநாதனும் அவர் மனைவி சந்திரகலாவும் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இணைத்துள்ளேன். செருப்பு யோசனை தம்முடையது என்பதையும் கமலநாதன் அதில் எழுதியிருக்கிறார். ஆனால் நாய் இருந்தபோது நான் விழுந்திருந்தால் அது குரைத்திருக்கும். இப்போது விழுந்தால் குரைக்கவும் யாரும் இல்லை. பாதுகாப்பைக் கருதி நீங்கள் செய்தது இது.

10. காப்பாரில் உள்ள உங்கள் நாய்க் காப்பகத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போனேன். வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே பல நாய்கள் குரைத்தன. அதில் பெல்லாவின் குரல் இல்லை. அது உடல்நலமின்றி இருக்கிறதா, குரைப்பதை விட்டுவிட்டதா என்று தெரிவிக்க வேண்டும். இடுப்புக்கான மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால்தான் விழுங்கும். அங்கே அதை யாராவது செய்கிறார்களா என்றும் தெரிவிக்க வேண்டும்.

11. உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் பெல்லாவின் படத்தை மறுபடி போட்டிருக்கிறீர்கள். ‘அன்பான குடும்பத்தில் இருந்து பழகியது, சாதுவானது’ என்று கீழே எழுதியிருக்கிறது. அது வந்தபோது யாரையும் நெருங்கவிடாது என்று உங்கள் லோகேஸ்வரியே சொன்னார். ஆகவே அந்தக் குடும்பம் நான்தான். அந்த வரியை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். படம் போட்டு இரண்டு மாதம் ஆகியும் ஒன்பது வயது நாயை யாரும் கேட்டு வரவில்லை. நான் கேட்கிறேன்.

ஆகவே, ஐயா, பெல்லாவை எனக்கே திருப்பித் தர உத்தரவிடுங்கள். ‘ஏமாற்று’ என்ற சொல்லை அழித்து, ‘கேட்கவில்லை, சொல்லவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்று கிஷன் போனில் சொன்னார். அது என்னால் ஆகாது.

வாசலில் உள்ள செருப்புகளை இன்னும் எடுக்கவில்லை. நாய் இல்லாத வீட்டுக்கு அவை தேவை. பெல்லா திரும்பி வரும் அன்று பூட்ஸையும், சப்பாத்தையும், யாருடையதும் இல்லாத பெரிய செருப்பையும் எடுத்துவிடுகிறேன். நீலச் செருப்பை மட்டும் எடுக்க மாட்டேன். அடுத்த முறை வருபவர் அதைப் பார்த்து வீட்டில் இருவர் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அதை முன்கூட்டியே இங்கு எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வீட்டிலேயே இருப்பேன். எந்த நேரத்திலும் வரலாம்.

இடம்: கிள்ளான்
தேதி: 19 மே 2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
நாகையா த/பெ வீராசாமி

இணைப்பு: கமலநாதன், சந்திரகலா இருவரின் ஒப்புதல் கடிதம்.