என் தோளுக்கு அளவெடுத்த பேஸ்

மச்சான்,

எதிர் ஃப்ளாட்டுக்குக் குடிவரப் போகிறவர்கள் கதவுகளுக்குப் பாலிஷ் போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாக மாடிப்படி முழுக்க ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்த வாசனை. நேற்றுக் காலை தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்தவன், அந்த வாசனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கடைசி ஏழெட்டு வருஷம் உன் சட்டையில் இந்த வாசனைதான் இருந்தது. அதற்கு முன்னால் மெஷின் ஆயில் வாசனை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை.

ஐ.டி.ஐ.யில் நாம் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் நீ மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போனாய். பிரஸ் மெஷின் பிரிவு. நான் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட் ஆனேன். சனி ஞாயிறுகளில் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்தேன், பாட்டுக்கு அடியில் கும் கும் என்று கீழ்ச்சுரம் போடுகிற வேலை. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் நான் ஏறாத மேடை குறைவு. உனக்கு வாசிக்கத் தெரியாது, பாடவும் மாட்டாய். ஆனாலும் ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் வந்துவிடுவாய். விருந்தினர்கள் சத்தம் தாங்காமல் ஸ்பீக்கரை விட்டு நகர்ந்து உட்காரும்போது நீ மட்டும் நாற்காலியை இழுத்து பேஸ் ஸ்பீக்கரை ஒட்டிப் போட்டுக்கொள்வாய். எங்கள் குழுவில் எல்லாரும் "பாய் வந்துட்டாரு, ஆரம்பிக்கலாம்" என்பார்கள். நீ அங்கே உட்காருவது என் மேல் உள்ள பிரியத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டலூர் சிக்னலுக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்ததில் என் இடது தோள் போனது. எலும்பு சேர்ந்துவிட்டது, தோள் இறுகிக்கொண்டது. கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தத் தோளில் எந்தப் பாரமும் தொங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பேஸ் கிட்டாரின் வார் விழுவது சரியாக அந்தத் தோளில்தான்.

பீர்க்கன்கரணை ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த உன் வீட்டில் உட்கார்ந்து, வாசிப்பதை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னேன். உன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நீ டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினாய்.

"தோள்ல மாட்டுனாத்தான வலி? தரைல நிக்க வெச்சி வாசி."

"அது டபுள் பேஸ், மச்சான். ஆள் உயரம் இருக்கும். அத எங்க போயி வாங்குறது? எந்த மண்டபத்துக்குத் தூக்கினு போறது?"

"அவ்ளோ பெரிய ஒடம்பு இன்னாத்துக்கு? உனக்கு கரண்ட்லதான சத்தம் வருது. கழுத்து மட்டும் இருந்தா போதாதா?"

அப்படி ஒரு வாத்தியம் உலகத்தில் ஏற்கெனவே இருப்பது அன்றைக்கு நம் இருவருக்கும் தெரியாது. பிறகு போனில் படங்கள் தேடிப் பார்த்தோம். ஒல்லியான மரக்கட்டை, நான்கு தடித்த தந்தி, தரையில் ஊன்ற ஓர் இரும்புக் கால். நமக்கு முன்னாலேயே யாரோ செய்துவிட்டார்கள் என்று உனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுவாரம் என்னை உன் வீட்டுச் சுவரோடு ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாய். "கைய தூக்கு. வலிக்கிற எடத்துல நிறுத்து" என்றாய். தூக்கினேன். நிறுத்திய இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாய். இன்னும் கொஞ்சம் முயற்சி செய்கிறேன் என்றேன். "வேணாம். நீ வலியோட வாசிக்கிற மாதிரி நான் செய்ய மாட்டேன்" என்றாய். அந்தக் கோட்டைத் தாண்டாத உயரத்தில் கழுத்து முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டு, படங்களில் பார்த்ததைவிடக் குட்டையாக ஒன்றை வரைந்தாய். கம்பெனியில் வேலை முடிந்து வந்து, நான்கு மாதம் உளியும் ரம்பமுமாக உட்கார்ந்திருந்தாய். தந்தி முறுக்குகிற சாவிகளைக்கூடக் கடையில் வாங்கவில்லை. பித்தளையில் நீயே கடைந்தாய். கிட்டாரில் இருப்பது போன்ற குறுக்குக் கம்பிகள் இதில் கிடையாது. விரல் நூலளவு நகர்ந்தாலும் சுருதி போய்விடும். அதனால் கழுத்தின் பக்கவாட்டில் நான் பார்த்து விரல் வைக்கச் சின்னச் சின்னப் பித்தளைப் புள்ளிகள் பதித்தாய்.

இரண்டு மாதம் வீட்டில் பழகினேன். பிறகு பெருங்களத்தூரில் ஒரு ரிசப்ஷன். வெளியே நான்கு நாளாக மழை. நீ வழக்கம்போல ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாய். முதல் பாட்டிலேயே தந்தி விரலை விட்டு உயர்ந்துகொண்டே போனது. இரண்டாவது பாட்டில் நான் வைத்த இடம் ஒன்று, வந்த சுரம் ஒன்று. பாடகி திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் கழுத்து ஒட்டியிருந்த இடம் பட்டென்று விட்டது. பாட்டு நின்றது.

நான் சொன்னதை இப்போது அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல். "பிரஸ் மெஷின் ஓட்றவன நம்பி வாத்தியம் செய்யச் சொன்னேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்." எனக்கு முன்னால் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குழுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ எழுந்து மேடைக்கு வந்தாய். நான்கு தந்திகளையும் தளர்த்தினாய். உடைந்ததை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். அதன் பிறகு எட்டு மாதம் நாம் பேசவில்லை.

நான் போன் செய்திருக்கலாம். நான் இருக்கிற மேடவாக்கத்திலிருந்து பீர்க்கன்கரணை ஒன்றும் வெளியூர் இல்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். ஆர்கெஸ்ட்ராவில் எனக்குப் பதில் வேறு ஆள் வந்தார். சனிக்கிழமை சாயங்காலங்களில் டிவி பார்த்தேன். பார்த்தது எதுவும் நினைவில் இல்லை.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. நீ நின்றிருந்தாய். கையில் அதே போர்வையில் சுற்றிய நீளமான ஒன்று. தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அதை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாய். உள்ளே வந்ததும் நீ கேட்டது ஒன்றுதான்.

"கைய தூக்கு."

தூக்கினேன். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாய். "அப்படியேதான் கீது. நல்லது" என்றாய்.

பிறகு சோபாவில் உட்கார்ந்து, முதல் வாத்தியம் ஏன் உடைந்தது என்று ஒரு மெஷின் ரிப்பேரை விளக்குகிற மாதிரி விளக்கினாய். ஏரிப் பக்கத்து வீடு, ஈரச் சுவர், அதில் சாத்தி வைத்த மரம் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. அதை மண்டபத்து ஏசியில் வைத்ததும் வளைந்துவிட்டது. "இரும்பு சொன்ன பேச்சு கேக்கும். மரமும் கேக்கும்னு நெனச்சிட்டேன். என் தப்பு." இந்தத் தடவை பலாக்கட்டையை வாங்கி, சமையலறைப் பரணில் அடுப்புச் சூடு படுகிற மாதிரி நான்கு மாதம் காய வைத்திருக்கிறாய். கழுத்துக்குள் நீளவாக்கில் இரண்டு ஸ்டீல் பட்டைகள் இறக்கியிருக்கிறாய். மேலே பாலிஷ் பத்துக் கோட்டு.

என் தப்பு என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. "டீ சாப்பிடுறியா?" என்று கேட்டேன்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது நீ சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாய். என் ஆம்ப்ளிஃபையரில் வயரை இன்னும் செருகவில்லை. நீ குனிந்து, கழுத்தின் ஓரத்தில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒவ்வொரு தந்தியாக மீட்டினாய். இன்னா பண்ற என்று கேட்டேன். நீ திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

"காதுல சரியா வராது மச்சான். எலும்புல வெச்சாதான் கேக்கும்."

அப்போதுதான் சொன்னாய். பதினைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிரஸ் மெஷின் சத்தம். ஆரம்பத்தில் பஞ்சு வைத்துக்கொண்டாயாம், பிறகு அதையும் விட்டுவிட்டாயாம். முதலில் பறவைச் சத்தம் போனது, அப்புறம் பெண் குரல்கள், அப்புறம் பாட்டு. கடைசியாக மிஞ்சியது பேஸ் மட்டும். "அது காதுக்கு வரல. நெஞ்சுல இடிக்குது. அதான் பாக்ஸு பக்கத்துல குந்தறது." எதிரில் இருப்பவர்களின் வாயைப் பார்த்துப் பேசப் பழகியிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் பழகிய எனக்கு அது தெரியவில்லை.

அந்த இரண்டாவது வாத்தியத்தோடு நான் திரும்ப மேடை ஏறினேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, அதை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வாசிப்பேன். குழுவில் அதற்கு நெட்டை என்று பெயர். "நெட்டைய ஏத்தியாச்சா?" என்றுதான் வேனில் கேட்பார்கள். ஏழெட்டு வருஷமாகிறது, கழுத்து ஒரு நூல்கூட வளையவில்லை. ரிட்டயர் ஆன பிறகு நீ எல்லா நிகழ்ச்சிக்கும் வந்தாய். இடைவேளையில் மேடை ஏறி, பாலிஷில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாய். இருந்தால் மறுநாளே பாலிஷ் டப்பாவோடு வந்துவிடுவாய்.

உனக்குக் கிட்னி கெட்டதும், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் எல்லாம் ஒரு வருஷத்துக்குள் நடந்தது. ஒருநாள் உன் மனைவி போன் செய்தார்.

"அண்ணா, அந்த நெட்டைய எடுத்தாரச் சொல்றாரு. மண்டபத்துக்கு வர முடியலன்னு ஒரே பேஜார். முடியுமா பாருங்க."

மத்தியானம் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாய். மெலிந்து போயிருந்தாய். உன் இடது உள்ளங்கையைப் பலாக்கட்டையின் மேல் வைத்துக்கொண்டாய். எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. பாட்டு உனக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். முதலில் வேகமாக ஏதோ வாசித்தேன். நீ வேண்டாமென்று தலையை ஆட்டினாய். "கலந்துபூடுது. ஒண்ணு ஒண்ணா வுடு." ஒரு சுரத்தை மீட்டி, அது தானாக அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை மீட்டினேன். ஒரு மணி நேரம் இருக்கும். நடுவில் உன் மனைவி வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வாசித்து முடித்த பிறகு, "அன்னிக்கு பெருங்களத்தூர் மண்டபத்துல நான் பேசினது" என்று ஆரம்பித்தேன். "இன்னா?" என்றாய். இன்னும் சத்தமாகச் சொன்னேன். நீ என் வாயைப் பார்த்தாய், ஆனால் கண் சோர்ந்திருந்தது. கடைசியில் போனை எடுத்து, பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன். அன்றைக்கு மேடையில் உன்னைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு என்று. நீ போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, மெதுவாகப் படித்தாய்.

"நீ பேசுனது எதுவும் எனக்குக் கேக்கல மச்சான். மரம் வுட்ட சத்தம்தான் கேட்டுச்சு. அது எப்படியோ நல்லா கேட்டுச்சு. அதான் சரி பண்ணாம உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாய்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் சிரித்தவர்களின் முகங்களை நீ பார்த்திருப்பாய். என் வாயையும் பார்த்திருப்பாய். வாயைப் பார்த்தே முப்பது பேர் நடுவில் பேச்சைப் பிடிக்கிறவன் நீ. ஆனால் கேட்கவில்லை என்று நீ சொன்னபோது உன் முகத்தில் எந்த முயற்சியும் தெரியவில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் நீ போய்விட்டாய். செய்தி காலையில் வந்தது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம் என்றார்கள். நான் வந்தபோது உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களோடு கபரஸ்தான் வரை நடந்தேன். உன்னைக் கிடத்திய சந்தூக்கை ஆளுக்குக் கொஞ்ச தூரம் தோள் மாற்றித் தூக்கினார்கள். நான் வலது தோளைக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சியில், ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி.யில் வேலை செய்கிற ஒருவர் மேடைக்கு வந்து நெட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தனக்கும் இப்படி ஒன்று வேண்டும், செய்தவரின் நம்பர் கொடுங்கள் என்றார். அவர் இல்லை என்றேன். "அப்ப இதைக் குடுப்பீங்களா?" என்றார். வேண்டுமானால் வாசித்துப் பாருங்கள் என்று ஸ்டூலை விட்டு எழுந்தேன். அவர் என்னைவிட உயரம், தோள் நன்றாக இருக்கிறது. கூனிக் குறுகி இரண்டு நிமிஷம் வாசித்துவிட்டு, "எனக்கு செட்டாகாது போல" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கே கீபோர்டுக்காரர், அவர்தான் இப்போது குழுவை நடத்துகிறார், இடைவேளையில் என்னிடம் வந்தார். "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நோட்ட ரொம்ப நேரம் விடுறீங்க. அடுத்த நோட்டு வந்த பிறகும் உங்க சத்தம் நிக்குது. கொஞ்சம் சீக்கிரம் அமுக்கிடுங்க." அவர் சொன்னது சரி. ஒரு சுரம் முடிந்ததும் கையால் தந்தியை அமுக்கி நிறுத்த வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் வாசித்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டை அவர் சொன்ன மாதிரியே வாசித்தேன்.

அதற்கடுத்த பாட்டில் என் கை மறுபடியும் தந்தியை அமுக்காமல் காத்திருந்தது. ஒரு மனிதனின் உள்ளங்கைக்கு அந்தச் சத்தம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். ஒரு நிகழ்ச்சி முழுக்கத் திருத்திக்கொள்ள முயன்றேன். இப்போது முயல்வதில்லை.